இந்தக் காப்புறுதி யாருக்காக?

வீட்டுக்கடன் பத்திரங்களில் கையொப்பமிடும் எம்மவர் அறிந்திருக்கவேண்டிய பிரித்தானியச் சட்டங்கள்

காணியும் வீடும் எம்மவர் வாழ்வில் வெறும் சொத்துக்கள் அல்ல. அவை குடும்பத்தின் மானமும் அடையாளமுமாகும். போரினாலும் இடப்பெயர்வினாலும் பிறந்த வீட்டை இழந்து, இந்நாட்டுக்கு வந்து, ஓர் அறையில் மூவர் நால்வராக வாடகைக்கு இருந்து, இரண்டு வேலை பார்த்து, சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தை முற்பணமாகக் கொடுத்து ஒரு வீட்டுக்கு உரியவராகும் நாள், எமது குடும்பங்களில் ஒரு திருநாளாகவே கொள்ளப்படுகின்றது. பால் காய்ச்சுகின்றோம், உறவினரை அழைத்து விருந்து வைக்கின்றோம். ஆனால், அந்த நாளுக்கு முன்னர் நாம் கையொப்பமிட்ட பத்திரங்களில் என்ன எழுதப்பட்டிருந்தது என்பதை எம்மில் எத்தனை பேர் வாசித்தறிந்தோம்?

ஊரில் ஈடும் ஒற்றியும் எமக்குப் புதியவை அல்ல. 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தரால் எழுத்துருவம் பெற்ற தேசவழமையிலேயே ஒற்றி இடம்பெற்றுள்ளது. கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியின் பயனை அனுபவிப்பார். தென்னையிலிருந்து இறங்கும் தேங்காயும் வயலில் விளையும் நெல்லும் யார் வீட்டுக்குப் போகின்றன என்பது ஊருக்கே தெரியும். கடன் கொடுத்தவரின் இலாபம் கண்முன்னே இருந்தது. நொத்தாரிசும் உறுதியை வாசித்து விளங்கப்படுத்திய பின்னரே கையொப்பம் வாங்குவார்.

இந்நாட்டு வீட்டுக்கடனில் அந்த இலாபம் கண்முன்னே தெரிவதில்லை. வங்கிக்கு ஒரு பங்கு, தரகருக்கு ஒரு பங்கு, காப்புறுதி நிறுவனத்துக்கு ஒரு பங்கு எனப் பல கைகளுக்கு அது போகின்றது. எனவே, நீட்டப்படும் ஒவ்வொரு தாளைப் பற்றியும் நாம் கேட்கவேண்டிய முதற் கேள்வி ஒன்றுண்டு: இது யாருக்காக? கடந்த அரை நூற்றாண்டில் இந்நாட்டின் பாராளுமன்றமும் நீதிமன்றங்களும் நுகர்வோருக்கு வழங்கிய பாதுகாப்புகளில் பலவும் இந்தக் கேள்வியை யாரோ ஒருவர் விடாது கேட்டதனால் வந்தவையே.

திறப்பைக் கொடுத்தும் தீராத கடன்

1980களின் இறுதியில் இங்கு வீட்டு விலைகள் வேகமாக ஏறின. 1989 ஒக்டோபரில் இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டி 15 வீதமாகியது. பின்னர் விலைகள் சரிந்தன. 1991ஆம் ஆண்டில் மாத்திரம் ஏறத்தாழ 75,500 வீடுகள் கடன் கொடுத்த நிறுவனங்களாற் கைப்பற்றப்பட்டன. மேலும் பலர் தவணை செலுத்த இயலாமல் வீட்டுத் திறப்பைத் தாமாகவே ஒப்படைத்துவிட்டு வெளியேறினர். அத்துடன் கடன் தீர்ந்தது என்றே அவர்கள் நம்பினர்.

அந்த நம்பிக்கைக்கு ஒரு காரணமும் இருந்தது. வீட்டின் பெறுமதியில் பெரும் பங்கைக் கடனாகப் பெற்றவர்களிடம், கடன் வாங்கும் வேளையிலேயே ஒரு காப்புறுதிக் கட்டணம் அறவிடப்பட்டிருந்தது. ஈட்டுக்கடன் நட்டக் காப்புறுதி எனும் வகையைச் சேர்ந்தது அது. கட்டணத்தைச் செலுத்தியவர் வீடு வாங்கியவர். எனவே நட்டம் ஏற்பட்டால் அது தம்மைக் காக்கும் என அவர் எண்ணியதில் வியப்பில்லை. உண்மையில் அக்காப்புறுதி காத்தது கடன் கொடுத்த நிறுவனத்தையே. வீடு குறைந்த விலைக்கு விற்கப்பட்டபோது குறைவிழுந்த தொகையைக் காப்புறுதி நிறுவனம் வங்கிக்குக் கொடுத்தது. கொடுத்த பின்னர், வங்கியின் இடத்தில் தான் நின்று, அதே தொகையை வீட்டை இழந்தவரிடம் கோரியது. பல ஆண்டுகளின் பின்னர் கடிதம் வந்தபோதுதான், தாம் கட்டணம் செலுத்திய காப்புறுதி தமக்கானதல்ல என்பதைப் பலர் அறிந்தனர்.

ஈட்டுக்கடனின் முதலை 12 ஆண்டுகள் வரை கோரச் சட்டம் இடமளிக்கின்றது. கண்டனங்கள் எழுந்த பின்னர், வீடு விற்கப்பட்டு 6 ஆண்டுகளுக்குள் தொடர்பு கொள்ளாவிடின் குறைவிழுந்த தொகையைக் கோருவதில்லை எனக் கடன் நிறுவனங்களின் சங்கம் 2000 பெப்ரவரியில் உடன்பட்டது. அக்காலத்தில் வீட்டுக்கடன் விற்பனையை நேரடியாகக் கட்டுப்படுத்தும் சட்டபூர்வமான ஒழுங்கு இருக்கவில்லை. நிறுவனங்கள் தாமாக ஏற்றுக்கொண்ட நடத்தைக் கோவை மட்டுமே இருந்தது. 2004 ஒக்டோபர் 31ஆம் திகதி தொட்டு வீட்டுக்கடன் விற்பனையும், 2005 ஜனவரி 14ஆம் திகதி தொட்டுப் பொதுக் காப்புறுதி விற்பனையும் 2000ஆம் ஆண்டின் நிதிச்சேவைகள், சந்தைகள் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. 2013 ஏப்ரல் முதல் இப்பொறுப்பு எவ்.சி.ஏ. எனப்படும் நிதி நடத்தை அதிகார சபையைச் சேர்ந்தது.

மறைந்திருந்த தரகுப்பணம்

சட்டம் வந்ததும் எல்லாம் சீராகிவிடவில்லை. பி.பி.ஐ. என்ற மூன்றெழுத்தை அறியாத குடும்பம் இந்நாட்டில் இல்லை எனலாம். நோய், விபத்து, வேலையிழப்பு ஆகியன நேர்ந்தால் கடன் தவணையைச் செலுத்தும் காப்புறுதி இது. எண்ணத்தளவில் நல்லதே. ஆனால் சொந்தத் தொழில் செய்வோருக்கும், ஏற்கெனவே நோயுற்றிருந்தோருக்கும் இது பெரும்பாலும் பயன்படவில்லை. அத்தகையோருக்கும் விற்கப்பட்டது. இதனை எடுத்தாற்றான் கடன் கிடைக்கும் என எண்ணி எடுத்தவர்களும் உளர். எடுத்ததையே அறியாதிருந்தவர்களும் உளர். முழுக் கட்டணத்தையும் முதல்நாளே கடனுடன் சேர்த்து, அதற்கும் வட்டி வாங்கும் முறையும் இருந்தது.

2005 செப்ரெம்பரில் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு இது பற்றி அரசின் நியாய வணிக அலுவலகத்திடம் விசேட முறைப்பாடு செய்தது. 2010இல் ஒழுங்குபடுத்தும் அமைப்பு முறைப்பாடுகளைக் கையாளுவதற்கான விதிகளை வெளியிட்டபோது வங்கிகளின் சங்கம் நீதிமன்றம் சென்றது. 2011 ஏப்ரலில் தோற்றது. அதன் பின்னரே பணம் திரும்பி வரத் தொடங்கியது. 2019 ஓகஸ்ட் 29ஆம் திகதி முறைப்பாட்டுக்கான இறுதி நாளாகக் குறிக்கப்பட்டது. 3,800 கோடி பவுணுக்கு மேல் நுகர்வோருக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டது.

இவ்விவகாரத்தில் எம்மவர் மனங்கொள்ளவேண்டிய வழக்கு ஒன்றுண்டு. 2006ஆம் ஆண்டில், கணவனை இழந்த 59 வயதுக் கல்லூரி விரிவுரையாளர் ஒருவர், கதவுத் துவாரத்தினூடாகப் போடப்பட்ட ஒரு துண்டுப்பிரசுரத்தைப் பார்த்துக் கடன் தரகரிடம் தொடர்பு கொண்டார். பராகன் என்ற நிறுவனத்திடமிருந்து, தமது வீட்டை ஈடாக வைத்து, 34,000 பவுண் கடன் பெற்றார். அதனுடன் 5,780 பவுண் காப்புறுதிக் கட்டணமும் சேர்க்கப்பட்டது. கடன் 10 ஆண்டுகளுக்கு. காப்புறுதியோ 5 ஆண்டுகளுக்கு மட்டுமே.

அந்த 5,780 பவுண் எங்கே போனது? தரகருக்கு 1,870 பவுண். கடன் கொடுத்த நிறுவனத்துக்கு 2,280 பவுண். உண்மையிற் காப்புறுதி வழங்கிய நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தது 1,630 பவுண் மாத்திரமே. அதாவது கட்டணத்தில் 71.8 வீதம் தரகுப்பணமாயிற்று. தரகு கொடுக்கப்படும் என்று மட்டும் அவருக்குக் கூறப்பட்டிருந்தது. எவ்வளவு என்பதோ யார் யாருக்கு என்பதோ கூறப்படவில்லை.

தரகுத் தொகையைச் சொல்லவேண்டுமென அக்கால விதிகள் கட்டாயப்படுத்தவில்லை. அதனாலேயே, தரகு 87 வீதமாக இருந்த வேறொரு வழக்கில், 2011இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கடன் கொடுத்தவரின் பக்கமே தீர்ப்பளித்திருந்தது. ஆனால் 2014 நவம்பர் 12ஆம் திகதி உச்ச நீதிமன்றம் அந்த நிலைப்பாட்டை ஏற்க மறுத்தது. 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தில் 2006ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 140ஏ பிரிவு, கடன் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் இடையிலான உறவு நியாயமற்றதா என்று பார்க்குமாறு நீதிமன்றத்தைப் பணிக்கின்றது. விதிகளை மீறாமலே ஓர் உறவு நியாயமற்றதாக இருக்கலாம். கட்டணத்தின் பெரும்பகுதி தரகாகப் போகின்றது என்பதை அறிந்திருந்தால் எந்த மனிதரும் ஒருகணம் நின்று யோசித்திருப்பார். அந்த வாய்ப்பு அவருக்கு மறுக்கப்பட்டது என்பதே தீர்ப்பின் சாரம்.

இன்று வீட்டுக்கடனுக்கு 140ஏ பிரிவன்றி, நிதி நடத்தை அதிகார சபையின் விதிகளே பொருந்துகின்றன. அவற்றின்படி தரகர் தமது கட்டணத்தையும், கடன் நிறுவனத்திடமிருந்து தாம் பெறும் தரகையும் எழுத்திற் காட்டவேண்டும். கடன் நிறுவனம் தனது உறுதியான சலுகையை அளித்த பின்னர், குறைந்தது 7 நாட்கள் யோசிப்பதற்கு அவகாசம் உண்டு. காப்புறுதி விற்பவர் தாம் எவ்வகையில் ஊதியம் பெறுகின்றார் என்பதைத் தெரிவிக்கவேண்டும். தொகையை நாமாகக் கேட்டறிவது நன்று. எடுத்த காப்புறுதி தேவையற்றது எனக் கண்டால், ஆயுட்காப்புறுதியையும் கடன் தவணைக் காப்புறுதியையும் 30 நாட்களுக்குள்ளும், கட்டடக் காப்புறுதி போன்றவற்றை 14 நாட்களுக்குள்ளும் விலக்கிக்கொள்ளலாம்.

எம்மவரான தரகரிடம் இதையெல்லாம் எப்படிக் கேட்பது என்ற தயக்கம் எம்மிடையே உண்டு. கோயிலிலும் கொண்டாட்டத்திலும் சந்திப்பவர். எமது மொழி பேசுபவர். ஒருவேளை எமது ஊரவருமாவார். கேட்பது அவமதிப்பு அன்று. நேர்மையான தரகர் அதனைத் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார். அவருடைய பெயர் அதிகார சபையின் பதிவேட்டில் உள்ளதா எனப் பார்ப்பதும் எமது உரிமையே.

கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லவேண்டுமா?

வீட்டுக்கடன் எடுக்கும்போது பலர் ஆயுட்காப்புறுதியும் எடுக்கின்றனர். உழைப்பவர் இறந்தாற் கடன் தீர்ந்து, மனைவி மக்களுக்கு வீடு மிஞ்சவேண்டும் என்பதே நோக்கம். இக்காப்புறுதி உண்மையில் குடும்பத்துக்கானது. ஆனால், பணம் தேவைப்படும் நாளில் நிறுவனம் பழைய விண்ணப்பப் படிவத்தைப் புரட்டிப் பார்க்கும். அங்கேதான் சிக்கல் எழும்.

இதற்கொரு நீண்ட வரலாறு உண்டு. 1766ஆம் ஆண்டில், சுமாத்திராவில் இருந்த மார்ல்பரோ கோட்டையின் காப்புறுதி பற்றிய வழக்கில் நீதிபதி மான்ஸ்பீல்ட் பிரபு ஒரு கோட்பாட்டை வகுத்தார். கடல் கடந்த இடத்தின் நிலைமை காப்புறுதி கேட்பவருக்கே தெரியும், வழங்குபவருக்குத் தெரியாது. ஆகவே இரு தரப்பினரும் நல்லெண்ணத்துடன் உண்மையை வெளிப்படுத்தவேண்டும் என்பதே அது. 1906ஆம் ஆண்டின் கடற் காப்புறுதிச் சட்டம் இக்கோட்பாட்டை எழுத்திற் பதித்தது. கப்பல் வணிகருக்கு எழுந்த விதி, காலப்போக்கில் வீட்டுக் காப்புறுதி எடுக்கும் எளியவரையும் பிடித்துக்கொண்டது. நிறுவனம் கேட்காவிடினும், முக்கியமான விடயம் எதுவென ஊகித்துத் தாமாகவே கூறவேண்டிய கடமை அவருக்கு இருந்தது. அறியாமற் கூறத் தவறினாலும் நிறுவனம் ஒப்பந்தத்தையே இரத்துச் செய்து, ஒரு சதமும் கொடாமல் விடலாம்.

ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நீடித்த இந்த அநீதியை 2012ஆம் ஆண்டின் நுகர்வோர் காப்புறுதி வெளிப்படுத்தல் சட்டம் மாற்றியது. அது 2013 ஏப்ரல் 6ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. இச்சட்டத்தின்படி கேள்வி கேட்பது நிறுவனத்தின் பொறுப்பு. கேட்ட கேள்விக்குத் தவறான பதில் அளிக்காதிருக்க நியாயமான கவனம் எடுப்பதே எமது கடமை. கேள்வி தெளிவாக இருந்ததா என்பதும் கவனிக்கப்படும்.

பதில் தவறாக இருந்தாலும் எல்லாத் தவறுகளும் ஒன்றல்ல. நியாயமான கவனம் எடுத்தும் நேர்ந்த தவறாயின் காப்புறுதி முழுமையாகச் செல்லும். கவனக்குறைவாயின், உண்மை தெரிந்திருந்தால் நிறுவனம் என்ன செய்திருக்கும் என்று பார்க்கப்படும். உதாரணமாக, மாதம் 30 பவுண் செலுத்திய ஒருவரிடம், அவருடைய இரத்த அழுத்தம் பற்றித் தெரிந்திருந்தால் 40 பவுண் கேட்டிருப்பார்கள் என வைத்துக்கொள்வோம். அவர் செலுத்தியது முக்காற் பங்கு. ஆகவே 200,000 பவுண் காப்புறுதியில் 150,000 பவுண் கொடுக்கப்படவேண்டும். பழைய சட்டத்தின் கீழ் அந்தக் குடும்பத்துக்கு எதுவுமே கிடைத்திராது. நிறுவனம் அவருக்குக் காப்புறுதியே வழங்கியிராது எனின், கோரிக்கை மறுக்கப்படலாம். ஆனால் செலுத்திய கட்டணங்கள் திருப்பிக் கொடுக்கப்படவேண்டும்.

வேண்டுமென்றே பொய் கூறியவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. ஒப்பந்தம் இரத்தாகும், கட்டணமும் போய்விடும். நீரிழிவு நோயை மறைத்தாற் கட்டணம் குறையும் என்று ஆலோசனை கூறுபவர்கள் எம்மிடையே இல்லாமல் இல்லை. அந்த ஆலோசனையின் விலையைச் செலுத்தப்போவது கூறியவர் அல்லர்; இறந்தவரின் மனைவி மக்களே. சம்பளத்தைக் கூட்டிக் காட்டி வீட்டுக்கடன் எடுப்பதும் அத்தகையதே. அது 2006ஆம் ஆண்டின் மோசடிச் சட்டத்தின் கீழ்க் குற்றமாகலாம். வருமானத்துக்குச் சான்றில்லாது கடன் வழங்கும் முறைக்கு 2014 ஏப்ரல் 26ஆம் திகதி நடைமுறைக்கு வந்த விதிகள் முற்றுப்புள்ளி வைத்துவிட்டன.

எமது மக்கள் குறிப்பாகக் கவனிக்கவேண்டியவை மூன்று. முதலாவது மொழி. ஒருவரது தனிப்பட்ட சூழ்நிலையை நிறுவனம் அறிந்திருந்தால், அல்லது அறிந்திருக்கவேண்டியதாயின், அதனையும் கருத்திற் கொள்ளவேண்டும் எனச் சட்டம் கூறுகின்றது. ஆகவே ஆங்கிலம் போதிய அளவு விளங்காதாயின் அதனை மறைக்காமற் தெரியப்படுத்துக. தலையசைத்து ஆமெனக் கூறிவிட்டுப் பின்னர் விளங்கவில்லை என்பது உதவாது.

இரண்டாவது படிவத்தை நிரப்பும் தரகர். அவர் எழுதிய தவறு யாருடைய தவறு? அவர் காப்புறுதி நிறுவனத்தின் முகவராயின் அத்தவறை நிறுவனம் ஏற்கவேண்டி வரும். சுதந்திரமான தரகராயின், அவர் எமது சார்பிலேயே செயற்படுகின்றார் என்பது சட்டத்தின் பொதுவான எடுகோள். நாம் நீரிழிவு உண்டு என்று கூற, அவர் இல்லை என்று எழுதினால், நிறுவனத்தின் முன்னிலையில் அது எமது பதிலாகிவிடக் கூடும். எனவே நிரப்பப்படாத படிவத்தில் ஒருபோதும் கையொப்பமிடலாகாது. நிரப்பிய படிவத்தின் பிரதியைக் கேட்டு வாங்கி, பிள்ளைகளைக் கொண்டேனும் வாசிப்பித்து, வைத்துக்கொள்ளவேண்டும்.

மூன்றாவது ஆண்டுதோறும் வரும் புதுப்பித்தற் கடிதம். முன்னர் கொடுத்த விபரங்கள் இன்றும் சரியா என உறுதிப்படுத்துமாறு அதிற் கேட்கப்பட்டால், பதிலளியாது விடுவதும் தவறான பதிலாகக் கொள்ளப்படலாம். இக்கடிதத்தைப் பிரிக்காமல் இழுப்பறையுள் வைப்பது ஆபத்தானது.

இன்னுமொன்று. 2012ஆம் ஆண்டுச் சட்டம் குடும்பத் தேவைக்கான காப்புறுதிக்கே உரியது. கடை, எரிபொருள் நிலையம் ஆகியவற்றின் காப்புறுதிக்கு 2015ஆம் ஆண்டின் காப்புறுதிச் சட்டம் பொருந்தும். அங்கே கேட்காத விடயத்தையும் நாமே நியாயமான முறையில் முன்வைக்கவேண்டும். கடையும் மேல்மாடி வீடும் ஒன்றாக உள்ளவர்கள் இந்த வேறுபாட்டை அறிந்திருத்தல் அவசியம்.

மனைவியின் கையொப்பம்

எமது வியாபாரிகள் பலர் கடைக்குக் கடன் பெறும்போது குடும்ப வீட்டை ஈடாக வைக்கின்றனர். வீடு இருவர் பெயரிலும் இருப்பதால் மனைவியின் கையொப்பமும் தேவைப்படும். "இதிலே ஒரு சைன் வையும்" என்று கணவர் கூற, சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து கையொப்பமிடும் மனைவியரை நாம் அறிவோம். கடை நட்டப்பட்டால் அந்த ஒரு கையொப்பத்தினால் வீடு போய்விடும்.

2001 ஒக்டோபரில் பிரபுக்கள் சபையின் நீதியரசர்கள், எற்றிட்ஜ் வழக்கில் இதற்கொரு தெளிவான ஒழுங்கை வகுத்தனர். கணவனின் கடனுக்கு மனைவி பிணைநிற்கும் போது, வங்கி அவருடன் நேரடியாகத் தொடர்பு கொள்ளவேண்டும். சட்டத்தரணி அவரைக் கணவன் இல்லாத வேளையில் நேரிற் சந்தித்து, பத்திரத்தின் தன்மையையும் ஆபத்தையும் எளிய மொழியில் விளக்கவேண்டும். கையொப்பமிடுவதா இல்லையா என்பது முற்றிலும் அவருடைய தெரிவே என்பதையும் கூறவேண்டும். இவ்வாறு செய்யப்பட்டதெனச் சட்டத்தரணி எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும். வங்கி இதனைச் செய்யத் தவறி, மனைவி வற்புறுத்தலாலோ தவறான விளக்கத்தாலோ ஒப்பமிட்டதாக நிறுவப்பட்டால், அந்தப் பிணை அவரைக் கட்டுப்படுத்தாது போகலாம். இவ்விதி மனைவிக்கு மட்டுமன்று. மகனின் தொழிலுக்காக வீட்டை ஈடுவைக்கும் தாய் தந்தையருக்கும் உரியது.

இருவரும் கூட்டாகப் பெறும் கடனாயின் நிலைமை வேறு என நீண்டகாலம் கருதப்பட்டது. 2025 ஜூன் 4ஆம் திகதி உச்ச நீதிமன்றம், கூட்டுக்கடனின் ஒரு பகுதி ஒருவரது சொந்தக் கடனை அடைப்பதற்கே போகின்றது என்பதை வங்கி அறிந்திருந்தால், அப்பகுதி மிகச் சொற்பமானதாக இல்லாதவிடத்து, இதே கவனத்தை எடுக்கவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. சகோதரிகளே, சட்டத்தரணி தனியே சந்திக்க அழைக்கும்போது அதனை வெறும் சம்பிரதாயமாகக் கொள்ளாதீர்கள். மொழிபெயர்ப்பாளர் தேவையாயின் கேளுங்கள். கணவரின் நண்பரை மொழிபெயர்ப்பாளராக ஏற்காதீர்கள்.

தவணை தவறினால்

2021 டிசெம்பரின் தொடக்கத்தில் 0.1 வீதமாக இருந்த அடிப்படை வட்டி, 2023 ஓகஸ்டில் 5.25 வீதமாகியது. நிலையான வட்டிக் காலம் முடிந்த பல குடும்பங்களின் மாதத் தவணை திடீரென நூற்றுக்கணக்கான பவுண்களால் உயர்ந்தது. இத்தகைய வேளையில் எம்மவர் செய்யும் பெருந்தவறு மௌனமாக இருப்பதாகும். வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று எண்ணி, அதிக வட்டிக்குக் கைமாற்று வாங்குகின்றனர். அல்லது கடிதங்களைத் திறவாமல் விடுகின்றனர்.

வீட்டைக் கைப்பற்றுவது கடைசி வழியாகவே இருக்கவேண்டும் என்பது அதிகார சபையின் விதி. வழக்குக்கு முன்னர் கடன் நிறுவனம் மாற்று ஒழுங்குகளைப் பற்றிப் பேசவேண்டும் என 2008இல் நடைமுறைக் கோவை ஒன்றும் வந்தது. வழக்கு நீதிமன்றம் சென்றாலும், நியாயமான காலத்துள் நிலுவையைச் செலுத்த முடியும் எனக் காட்டினால், வெளியேற்றத்தை ஒத்திவைக்க 1970ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டத்தின் 36ஆம் பிரிவு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நீதிபதிக்கு அதிகாரம் அளிக்கின்றது. அந்த நியாயமான காலம் கடனின் எஞ்சிய காலம் முழுவதுமாகக்கூட இருக்கலாம் என 1990களின் நடுப்பகுதியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வருமானத்தையும் செலவையும் காட்டும் ஒரு கணக்குத் தாளுடன் நீதிமன்றத்துக்குப் போகாமல் விடுபவர், தமக்கிருக்கும் இப்பாதுகாப்பைத் தாமே கைவிடுகின்றார்.

முறைப்பாடு செய்வது எப்படி?

முதலில் வங்கிக்கோ காப்புறுதி நிறுவனத்துக்கோ தரகருக்கோ எழுத்தில் முறையிடுதல் வேண்டும். இறுதிப் பதில் அளிக்க அவர்களுக்கு 8 வாரங்கள் உண்டு. பதில் திருப்தியற்றதாயின், அது கிடைத்த திகதியிலிருந்து 6 மாதங்களுக்குள் நிதித்துறை ஒம்புட்ஸ்மன் சேவையிடம் செல்லலாம். பொதுவாக, சம்பவம் நடந்து 6 ஆண்டுகளுக்குள்ளோ, அதற்குப் பின்னராயின் முறைப்பாட்டுக்குக் காரணம் உண்டென அறிந்து அல்லது அறிந்திருக்கவேண்டிய நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள்ளோ முறையிடவேண்டும்.

இச்சேவைக்குக் கட்டணம் இல்லை, சட்டத்தரணியும் தேவையில்லை. ஒம்புட்ஸ்மனின் முடிவை நாம் ஏற்றுக்கொண்டால் அது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். நட்டஈடு பெற்றுத் தருவதாகக் கூறிப் பங்கு கேட்கும் இடைத்தரகர்களுக்கு அந்தப் பங்கைக் கொடுக்கவேண்டிய தேவை இல்லை. உள்ளூர் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்திலும் இலவசமாக ஆலோசனை பெறலாம். காப்புறுதிப் பணம் காரணமின்றித் தாமதிக்கப்பட்டாலும் முறையிடலாம். 2017 மே 4ஆம் திகதிக்குப் பின்னர் செய்யப்பட்ட ஒப்பந்தங்களில், நியாயமான காலத்துள் பணம் கொடுக்கப்படவேண்டும் என்பது சட்டத்தினால் உள்ளடக்கப்பட்ட நிபந்தனையாகும்.

எமது கடமை

மேற்கூறிய பாதுகாப்புகளுள் எதுவும் கதவைத் தட்டி எமது வீட்டுக்குள் வருவதில்லை. தரகு எவ்வளவு எனக் கேட்ட ஒருவருக்காகவே உச்ச நீதிமன்றம் பேசியது. கேள்வியே கேட்காமல் எம்மைக் குற்றஞ்சாட்டலாமா எனப் பலர் கேட்டதனாலேயே நூறாண்டுச் சட்டம் மாறியது. எழுதப்பட்ட சட்டம் எல்லோருக்கும் பொதுவானது. அதன் பயன் கேட்பவருக்கும், கேட்டதற்குச் சான்று வைத்திருப்பவருக்குமே கிடைக்கின்றது.

ஆகவே ஒவ்வொரு குடும்பமும் இவ்வார இறுதியிலேனும் தமது வீட்டுக்கடன் பத்திரங்களையும் காப்புறுதிப் பத்திரங்களையும் எடுத்து ஒரே கோவையில் வைக்கவேண்டும். ஒவ்வொன்றின் மேலும் மூன்று கேள்விகளுக்கான பதிலைத் தமிழில் எழுதி வையுங்கள்: இது யாரைக் காக்கின்றது? இதனால் யாருக்குப் பணம் போகின்றது? இதில் எமது பெயரால் என்ன பதில் எழுதப்பட்டுள்ளது? கணவர் மட்டும் அறிந்திருந்தாற் போதாது. மனைவியும், வளர்ந்த பிள்ளைகளும் அறிந்திருக்கவேண்டும். பதில் தெரியாத தாள் ஏதும் அகப்படின், திங்கட்கிழமை காலையிலேயே உரிய நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஒரு வீட்டை இழந்து வந்த மக்கள் நாம். இரண்டாவது வீட்டை, வாசியாத ஒரு தாளினால் இழந்துவிடலாகாது.